வெளிப்பாளையம் வீடு: அக்டோபர் 3 நெதர்லாந்து லைடன்ல யார் எங்க?

22 செப்டம்பர் 2024, ஞாயிறு

கார்த்தி: அப்பா அம்மா 1ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வந்து இறங்குறாங்க. 3ஆம் தேதி வியாழன் லைடன்ல வருஷத்துலயே பெரிய திருவிழா. அதுவும் இது 450ஆவது வருஷம். கூட்டம் தாங்காது. யார் எங்க போறதுன்னு இன்னிக்கே பேசி முடிச்சிடலாம். தினேஷ், நீ டெல்ஃப்ட்ல இருந்து வந்துடு

தினேஷ்: வரேண்ணா. பாஸ்கெட்பால் மேட்ச் எதாவது இருக்கா

வசந்தி: 2ஆம் தேதி மகாளய அமாவாசை. பெரியண்ணன் தர்ப்பணம் எங்க குடுப்பாரு

கார்த்தி: வீட்லயே குடுக்கலாம் அத்தை. எள்ளு, தர்ப்பை எல்லாம் வித்யா வாங்கி வச்சாச்சு

வசந்தி: சரி. காக்கா வருமா அங்க

வித்யா: நிறைய வரும் 🙂

ராஜேந்திரன்: திருவிழா நடக்கட்டும். எனக்கு அந்த ஊரில் ஒரே ஒரு வேலைதான். பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும், ராஜராஜ சோழன் கொடையைச் சொல்லும் ஆனைமங்கலம் செப்பேட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். 3ஆம் தேதி காலை 10 மணிக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டால் போதும், மற்றவர்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

கார்த்தி: அப்பா, 3ஆம் தேதி நூலகம் லீவு. பல்கலைக்கழகமே லீவு

ராஜேந்திரன்: அப்படியானால் 4ஆம் தேதி.

மீனா: 4ஆம் தேதி காலையில பாரிஸ் ரயில்பா. டிக்கெட் எடுத்தாச்சு. மாத்துனா காசு வராது

ராஜேந்திரன்: யாரைக் கேட்டு எடுத்தாய்?

மீனா: உங்களைத்தான். ஆடிப்பெருக்கு அன்னிக்கு போன்ல. அம்மாவும் பக்கத்துல இருந்தாங்க

சரோஜா: ஆமா கேட்டா

கலா: அது என்ன திருவிழா கார்த்தி? மாதா கோயில் திருவிழாவா

கார்த்தி: இல்ல சித்தி, பசி தீர்ந்த நாள். கொஞ்சம் நீளமா சொல்றேன். 1573 கடைசியில ஸ்பெயின் ராஜா படை இந்த ஊரைச் சுத்தி வளைச்சுது. மார்ச்ல விலகிப் போயி, 1574 மே மாசம் திரும்ப வந்துது. உள்ள இருந்தவங்களுக்குத் தானியம் தீர்ந்துபோச்சு. குதிரை, நாய், பூனை வரைக்கும் சாப்பிட்டிருக்காங்க. அது போதாதுன்னு கொள்ளைநோய் வேற. ஊர்ல மூணுல ஒரு பங்கு பேர் போயிட்டாங்க. வெளியில இருந்து சோறு கொண்டுவர வழியே இல்ல. அதனால ஸ்பெயினை எதிர்த்து நின்ன தலைவர் ஆரஞ்சு வில்லெமோட ஆளுங்க கரைகளை வெட்டி வயல்ல தண்ணி விட்டாங்க, படகுலயாவது வரலாமேன்னு. வெட்டியும் வாரக்கணக்கா தண்ணி ஏறல. காத்து எதிர்க்காத்து. அக்டோபர் பொறந்ததும் புயல் அடிச்சு, காத்து திரும்பி, தண்ணி உள்ள வந்துது. 2ஆம் தேதி ராத்திரி ஊர்மதில்ல ஒரு பாகம் சரிஞ்சு விழுந்துருக்கு. ஸ்பெயின் படை அன்னிக்கு ராத்திரியே கிளம்பி ஓடிடுச்சு. 3ஆம் தேதி காலையில படகுக்காரங்க கொண்டுவந்து குடுத்தது ஹாரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். இன்னிக்கும் 3ஆம் தேதி காலையில வாக்ன்னு சொல்ற பழைய எடைக்கூடத்துல ஜனங்க நின்னு அதையேதான் வாங்குறாங்க

கலா: நாயும் பூனையுமா 😔

சேகர்: ஹாரிங்னா நம்ம மத்தி மாதிரியா

கார்த்தி: மத்தி குடும்பம்தான் சித்தப்பா. உப்புல பதப்படுத்தினது. அடுப்புல ஏத்துறதில்ல

சேகர்: அண்ணனுக்கு மத்தின்னா ரெண்டு தட்டு சோறு உள்ள போகும். அண்ணே ஜமாய்ங்க

சரோஜா: புரட்டாசி மாசம் சேகர்

சேகர்: அட ஆமால்ல

ராஜேந்திரன்: ரொட்டி மட்டும் வாங்கிக்கொள்வேன்.

வசந்தி: தண்ணிய அவங்களே வெட்டி விட்டாங்களா கார்த்தி?

கார்த்தி: ஆமா அத்தை. சுத்து வட்டாரத்துல வெள்ளாமை பூராவும் போச்சு

வசந்தி: தண்ணி வந்து ஒரு ஊரு பொழைச்சிருக்கு. 2004ல அக்கரைப்பேட்டையில நாம பாத்த தண்ணி வேற. படிக்கும்போதே நெஞ்சு அடைக்குது

சரோஜா: எனக்கும்தான் வசந்தி

ராஜேந்திரன்: வசந்தி, அங்கேயும் தண்ணீரால் நிலத்தை இழந்த விவசாயிகள் உண்டு. மதிலுக்குள் இருந்தவர்கள் விழா எடுக்கிறார்கள். வெளியே இருந்தவர்களையும் அன்று யாராவது நினைக்க வேண்டும்.

வசந்தி: நீங்க நினைங்கண்ணே. எனக்காகவும்

தினேஷ்: அண்ணா மேட்ச்?

கார்த்தி: பாக்கறேன்டா. ஸெட்ஸெட் லைடன் டீம் ஃபைவ் மேய்ஹால்ல ஆடுவாங்க. சின்ன அரங்கம்தான், சத்தம் காதைப் பொளக்கும். 2011 ஃபைனல் தெரியுமா? க்ரோனிங்கன்கூட ஏழாவது ஆட்டம் வரைக்கும் போயி, அதுலயும் மூணு தடவை கூடுதல் நேரம். 96-95. ஒரே ஒரு பாயின்ட்ல சாம்பியன். ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரரு அன்னிக்கு அரங்கத்துல இருந்தாராம். இன்னிக்கும் அந்தக் கடைசி நிமிஷத்தைச் சொல்லும்போது எழுந்து நின்னுதான் சொல்வாரு

தினேஷ்: 🔥🔥 மூணு ஓவர்டைமா. அவரைப் பாக்கணும்ணா

சேகர்: தம்பி பரீட்சை எப்போ

தினேஷ்: இப்ப இல்லப்பா

வசந்தி: எல்லாரும் ஒண்ண மறந்துட்டீங்க. 3ஆம் தேதி நவராத்திரி முதல் நாள். வெளிப்பாளையம் வீட்ல இந்த வருஷம் கொலு யார் வைக்கிறது

கலா: நீங்கதானே வைப்பீங்க அண்ணி

வசந்தி: வைக்கிறேன். பொம்மைப் பெட்டி எங்க? அம்மா இருந்தப்ப மூணு பெட்டி. இப்ப பரண்ல ரெண்டுதான் இருக்கு

சேகர்: மூணாவது பெரியண்ணி எடுத்துட்டுப் போனாங்க

சரோஜா: நான் எடுத்தது மரப்பாச்சி ஜோடி மட்டும். யாழினி பொறந்தப்போ அத்தையே குடுத்தாங்க. பெட்டி எல்லாம் தெரியாது

வசந்தி: தசாவதாரம் செட் அதுலதான் இருந்துது

சேகர்: எங்க வீட்ல இல்ல. வேணும்னா வந்து பாத்துக்கலாம், தாம்பரம் ஒண்ணும் தூரமில்ல

கலா: தூரம்தான். கிரகப்பிரவேசத்துக்கே வர முடியலயே. லைடன் கிட்டக்க இருக்கு

மீனா: சித்தி…

ராஜேந்திரன்: கலா, அந்த வாரம் சரோஜாவுக்குக் கண் அறுவை. அதை அப்போதே சேகரிடம் சொன்னேன்.

கலா: என்கிட்ட யாரும் சொல்லல மாமா

சேகர்: சொன்னேன். சரி விடு

சரோஜா: கலா, தை மாசம் வந்து உன் வீட்ல பத்து நாள் தங்குறேன்

கலா: வாங்கக்கா. கண்டிப்பா வரணும்

வித்யா: 3ஆம் தேதி சாப்பாடு சொல்லிடறேன். அன்னிக்கு இங்க எல்லா வீட்லயும் ஹுட்ஸ்பொட். உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் வேகவச்சு மசிச்சது. மாட்டுக்கறியோட சாப்பிடுவாங்க, நம்ம வீட்ல கறி இல்லாம பண்றேன். அத்தைக்கு மிளகும் நெய்யும் போட்டு தனியா

கலா: மசியல்னு சொல்லு

கார்த்தி: அதுக்கும் கதை இருக்கு சித்தி. ஸ்பெயின் படை ஓடினப்புறம் கொர்னேலிஸ்னு ஒரு அநாதைப் பையன் லாமன்ஸ்கான்ஸ் முகாமுக்குப் போயி பாத்தானாம். ஆள் யாரும் இல்ல, அடுப்புல பானை மட்டும். அந்தப் பானைன்னு சொல்லி ஒண்ணை லாக்கன்ஹால் மியூசியத்துல வச்சிருக்காங்க. அப்ப உருளைக்கிழங்கு இந்தப் பக்கம் வரவே இல்ல, வேற கிழங்கு போட்டிருப்பாங்க. லாக்கன்ஹால் 1640ல கட்டின துணி வியாபாரக் கட்டடம். இந்த ஊர்த் துணி அப்ப ஐரோப்பா பூரா போயிருக்கு. மேயர் வான் டெர் வெர்ஃப், பசியில கலகம் பண்ணின ஜனங்ககிட்ட "என் உடம்பை வெட்டித் தின்னுங்க, ஊரை மட்டும் விட்டுக் குடுக்க மாட்டேன்"னு நின்னாருன்னு சொல்வாங்க. அதுக்கு ஒரு சுவர் அளவு ஓவியம் அங்க இருக்கு. ரெம்ப்ராண்ட் 1606ல பொறந்ததும் இதே ஊர்லதான், அவரோட ஆரம்பகால ஓவியமும் பாக்கலாம்

சேகர்: படிச்சு முடிக்கறதுக்குள்ள டீ ஆறிடுச்சு

மீனா: அண்ணா, நூலகத்தை முதல்ல முடிவு பண்ணு

கார்த்தி: 2ஆம் தேதி மத்தியானம்தான் வழி. ஆனா அது கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கற பொருள் இல்ல. முன்கூட்டியே எழுதிக் கேக்கணும். நேத்து எழுதிட்டேன். பதில் வரல

ராஜேந்திரன்: என்ன எழுதினாய்?

கார்த்தி: அப்பா வரலாற்று ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர், நாகப்பட்டினத்துக்காரர், பாக்கணும்னு ஆசைப்படறார்னு

ராஜேந்திரன்: போதாது. இதையும் சேர்த்து எழுது. பெரிய செப்பேடு 21 ஏடுகள், சமஸ்கிருதமும் தமிழும். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், நாகையில் ஸ்ரீவிஜய மன்னன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்தான். சொன்னது அப்பன், செப்பேட்டில் வெட்டி முத்திரையிட்டது மகன் ராஜேந்திரன். சிறிய செப்பேடு 3 ஏடுகள், குலோத்துங்கன் காலத்தது. சைவ அரசன், பௌத்தப் பள்ளி, கடல் கடந்த மன்னன், ஒரு சிற்றூரின் நெல். இந்த நான்கும் ஒரே வளையத்தில் கோத்திருக்கின்றன. 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள், 1781 வரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் போனது. விகாரமும் இன்று இல்லை, ஏடும் ஊரில் இல்லை. 35 ஆண்டுகள் கரும்பலகையில் இதை எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு முறையாவது அந்த எழுத்தைப் பக்கத்தில் நின்று படிக்க வேண்டும்.

வசந்தி: ஆனைமங்கலம் நம்ம பெரியத்தை ஊருக்குப் பக்கம்தானே

ராஜேந்திரன்: ஆம். அதே ஊர்தான்.

தினேஷ்: பெரியப்பா பேரும் ராஜேந்திரன், முத்திரையும் ராஜேந்திரன் 👑

சேகர்: திருப்பிக் கேட்டா குடுப்பாங்களா

ராஜேந்திரன்: இந்தியா கேட்டிருக்கிறது.

கார்த்தி: அப்பா, இதே ஊர்ல தொல்பொருள் மியூசியத்துல எகிப்துக் கோயிலே ஒண்ணு இருக்கு. தஃபே கோயில். அஸ்வான் அணை கட்டினப்ப கல்லு கல்லாப் பிரிச்சு இங்க கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்காங்க. வாசல் கூடத்துலயே பாக்கலாம்

ராஜேந்திரன்: அது நூபியாவின் கோயில்களைக் காப்பாற்ற உதவியதற்கு எகிப்து தன் கையால் கொடுத்தது. நம்முடையதை யாரும் கொடுக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொல்லாதே.

கார்த்தி: சரிப்பா

சரோஜா: யாழினி எங்க பாடுறா அன்னிக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல

வித்யா: வான் டெர் வெர்ஃப் பூங்காவுல அத்தை. 7 மணிக்கு டவுன்ஹால் முன்னாடி ஊரை எழுப்புற வாத்தியம் வாசிப்பாங்க. அதுக்கப்புறம் பூங்காவுல சேர்ந்திசை. ஜனங்களும் கூடப் பாடுவாங்க. பழைய டச்சுப் பாட்டு, யாழினி எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா. பாட்டி தாத்தா முன்வரிசையில நிக்கணும்னு தினமும் சொல்றா

கார்த்தி: அந்தப் பூங்கா இருக்கற இடம் 1807 வரைக்கும் வீடுங்களா இருந்துச்சும்மா. ஜனவரி 12ஆம் தேதி கால்வாய்ல கட்டியிருந்த வெடிமருந்துப் படகு வெடிச்சு ஏறக்குறைய 150 பேர் இறந்தாங்க. ஒரு பெரிய பகுதியே தரைமட்டம். இப்ப அங்க மரம் வளர்த்து, வருஷா வருஷம் அதுங்க கீழ நின்னு பாடுறாங்க

சரோஜா: எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்

வித்யா: 5:30

சரோஜா: நான் 4 மணிக்கே எழுந்து விளக்கு ஏத்திடுவேன். முதல் நாள் பூஜை இருக்கே

கலா: குளிருமா அங்க

வித்யா: குளிர், மழை ரெண்டும். அத்தைக்கு ஷூ வாங்கி வச்சிருக்கேன். செருப்போட வந்தா கால் நனைஞ்சிடும்

மீனா: அம்மாவுக்குச் சுவர்க் கவிதை காட்டு வித்யா. அம்மாவுக்குப் பிடிக்கும்

வித்யா: ஆமா, ஊர்ச் சுவர்கள்ல நூறுக்கும் மேல கவிதை எழுதியிருக்காங்க அத்தை, அந்தந்த மொழியிலயே. 1992ல ஆரம்பிச்சது, முதல் கவிதை ஒரு ரஷ்யப் பெண் கவிஞரோடது. 2ஆம் தேதி சாயந்திரம் மெதுவா நடந்து பாக்கலாம்

வசந்தி: அமாவாசை அன்னிக்கு அண்ணன் விரதம். ரொம்ப நடக்க விடாதீங்க

மீனா: அப்பா, உங்க ஒருத்தர் டிக்கெட்டை மட்டும் 5ஆம் தேதிக்கு மாத்தலாமான்னு பாக்கறேன். அம்மா 4ஆம் தேதி எங்கூட. நீங்க தனியா ராட்டர்டாம்ல ரயில் ஏறுவீங்களா

ராஜேந்திரன்: ஏறுவேன்.

சரோஜா: ஏற மாட்டாரு. நானும் இருக்கேன்

மீனா: அப்ப ரெண்டு டிக்கெட். மாப்பிள்ளை லீவு போட்டிருக்காரும்மா

தினேஷ்: நான் பெரியப்பாவை ரயில் ஏத்தி விடறேன் அக்கா

மீனா: நிஜமாவா

தினேஷ்: 5 சனிக்கிழமைதானே. ஃப்ரீதான்

கார்த்தி: 2ஆம் தேதிக்கே நூலகத்துல சரின்னு சொல்லிட்டா எதையும் மாத்த வேணாம். புதன் வரைக்கும் காத்திருப்போம். டிக்கெட்ல கை வைக்காத மீனா

மீனா: புதன்கிழமைக்கு மேல விலை ஏறிடும்ணா

ராஜேந்திரன்: பதில் வந்ததும் எனக்குத் தனியாக அனுப்பு கார்த்தி. இந்தக் குழுவில் மேலே போய்விடுகிறது.

சேகர்: அண்ணே, ஏட்டைப் பாத்தா போட்டோ எடுக்க விடுவாங்களான்னு கேளுங்க. ஒரு ஏடாவது பெருசா பிரிண்ட் போட்டு வெளிப்பாளையம் வீட்டுக் கூடத்துல மாட்டலாம்

ராஜேந்திரன்: கேட்கிறேன். நல்ல யோசனை சேகர்.

கலா: கூடத்துக்கு முதல்ல வெள்ளையடிக்கணும். அந்தச் செலவு யாருதுன்னு தை மாசம் பேசலாம்

வசந்தி: அதெல்லாம் அப்புறம். பரண் உள்ரூம் சாவி யாருகிட்ட இருக்கு? நாளைக்கு நான் போறேன்