பிரசவ லீவு முடிஞ்சதும் வேலை போச்சு, வந்த பணத்துக்கு வரி உண்டுங்களா?

ஏனுங்க, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங் செக்சன்ல ஏழு வருசமா இருந்தேனுங்க, 26 வாரம் லீவு முடிஞ்சு போனா ஆள் குறைக்கறோம்னு ஒரு தொகை கையில குடுத்துட்டாங்க. மொத்தத்துக்கும் வரி கட்டோணுங்களா? லீவுல வந்த சம்பளத்துக்கு?

பதில் 1 (ஈரோடு)
லீவு சம்பளம் மத்த சம்பளம் மாதிரியேதானுங்க, வரிக் கணக்குல வரும். ஆட்குறைப்பு நஷ்டஈடு வேற. தொழிலாளிங்கற வகைல நீங்க வந்தா, கைக்கு வந்த தொகை, வேலை பார்த்த ஒவ்வொரு வருசத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம், 5 லட்சம், இந்த மூணுல எது கம்மியோ அதுக்கு வரி இல்ல, மிச்சத்துக்குத்தான் வரி. கிராஜுவிட்டி (பணிக்கொடை) இதுல சேராதுங்க, அதுக்குத் தனி விலக்கு. ஏழு வருசம்னா கட்டாயம் கேட்டு வாங்குங்க. முன்கூட்டியே நோட்டீஸ் தராம நிறுத்தறதுக்குப் பதிலா தர்ற சம்பளத்துக்கும் முழுசா வரி.

பதில் 2 (கோபி)
அண்ணன் சொன்னது சரி, ஆனா மேனேஜர் மாதிரி போஸ்டிங்னா அந்த 5 லட்ச விலக்கு கிடைக்காது அம்மிணி. அப்ப மொத்தமா வந்த தொகையால கூடுற வரியக் குறைக்கற நிவாரணம் (1961 வருமான வரிச் சட்டத்துல 89வது பிரிவு) பாருங்க, மூணு வருசம் தொடர்ச்சியா வேலை பார்த்திருக்கோணும், வருமான வரி ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடியே அதுக்கான படிவத்த (அந்தச் சட்டத்துல 10இ) ஆன்லைன்ல போட்டுருங்க, இல்லீன்னா வரி ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வரும்.

பதில் 3 (பல்லடம்)
வரிய விடுங்க கண்ணு, லீவுல இருக்கறப்பவே நிறுத்துன லெட்டரா? அப்படின்னா மகப்பேறு சலுகைச் சட்டப்படி அது செல்லாது. லெட்டர்ல தேதி பாருங்க, லேபர் ஆபீஸ்ல மனு குடுங்க. பயப்படாதீங்க.

கேட்டவர்
தேதி லீவுக்குள்ளதானுங்க இருக்குது! நாளைக்கே போறேனுங்க.