பிரின்ஸ் எட்வர்ட் தீவு: ஒட்டாவாவில் 6 இடம் 4 ஆனது ஏன், 4-க்குக் கீழே இறங்காதது ஏன்?

கடற்காகம் கேட்டது:

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணத்துக்கு 1873 முதல் இன்றுவரை ஒட்டாவா நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் எத்தனை இடம் இருந்தது என்று ஒரு அட்டவணை போடுகிறேன். 1873-ல் 6, 1896 தேர்தலில் 5, 1904-ல் 4, அதிலிருந்து இன்றுவரை 4. மூன்று இடத்தில் சிக்குகிறது.

முதலாவது, அன்றைய கியூபெக் சூத்திரத்தை 1881 கணக்கெடுப்புக்குப் போட்டால் 5 தான் வருகிறது. ஆனால் 1882, 1887, 1891 தேர்தல்களில் 6 பேர் போயிருக்கிறார்கள். நான் எங்கே தப்பு பண்ணுகிறேன்?

இரண்டாவது, மக்கள்தொகை அதன் பிறகும் சரிந்துகொண்டே வந்தது. பிறகு ஏன் 3, 2 என்று இறங்கவில்லை? "செனட் விதி" (செனட் என்பது மேலவை) என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த விதி எங்கிருந்து வந்தது?

மூன்றாவது, குவீன்ஸ் தொகுதியில் வேட்பாளர்களின் வாக்குகளைக் கூட்டினால் வாக்களித்தவர் எண்ணிக்கையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. தரவே பிழையா?

கணக்குப்பிள்ளை:

சூத்திரத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கனடாக் கூட்டமைப்பை உருவாக்கிய 1867 சட்டத்தின் 51-ஆம் பிரிவில் இரண்டு படி உண்டு.

முதல் படி எல்லோருக்கும் தெரிந்தது. கியூபெக்குக்கு 65 இடம் நிரந்தரம். கியூபெக் மக்கள்தொகையை 65-ஆல் வகுத்தால் வருவது ஈவு. மற்ற மாகாணங்களின் மக்கள்தொகையை அந்த ஈவால் வகுக்க வேண்டும். மீதி பாதிக்கு மேல் இருந்தால் ஒரு இடம் கூடுதல், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். 1881-ல் கியூபெக் 13,59,027. ஈவு 20,908. தீவு 1,08,891. வகுத்தால் 5.21, அதாவது 5.

இரண்டாவது படிதான் உங்களுக்கு விட்டுப்போனது. ஒரு மாகாணத்தின் இடத்தைக் குறைக்க வேண்டுமானால், முந்தைய மறுவரையறையின்போது மொத்த கனடாவில் அதற்கு இருந்த விகிதம் குறைந்தது இருபதில் ஒரு பங்காவது சரிந்திருக்க வேண்டும். கவனிக்க: தலைக்கணக்கு எவ்வளவு என்பது இங்கே பொருட்டில்லை, நாட்டில் அதன் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. 1871-ல் தீவு 94,021, கனடா 36,89,257, பங்கு 2.55 சதவீதம். 1881-ல் 43,24,810-ல் 1,08,891, 2.52 சதவீதம். சரிவு ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை, ஐந்தைத் தொடவில்லை. அதனால் 6 தப்பியது.

1891-ல் அந்தக் குடை கிழிந்தது. தீவில் கூடியது 187 பேர் மட்டுமே: 1,09,078. நாடு 48,33,239. பங்கு 2.26-க்கு இறங்கியது, பத்து சதவீதத்துக்கு மேல் சரிவு. ஆக முதல் படியின் விடை அப்படியே செல்லுபடி ஆனது: கியூபெக் 14,88,535, ஈவு 22,901, தீவுக்கு 4.76, முழுமையாக்கினால் 5. சட்டம் 1892-ல் வந்தது, புதிய தொகுதிகளில் தேர்தல் நடந்தது 1896-ல். அட்டவணையில் இந்த இரண்டு ஆண்டையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். சட்டம் வந்த ஆண்டையும் தேர்தல் ஆண்டையும் ஒன்றாக்கிய பட்டியல்களால்தான் பலருக்குக் குழப்பம்.

1901: தீவு 1,03,259. கியூபெக் 16,48,898, ஈவு 25,368. விடை 4.07. 1904-ல் 4.

1911 வந்தபோது தீவில் 93,728 பேர். ஈவு சுமார் 30,800. விடை 3.04. அதாவது 3. 1921-ல் 88,615 பேருக்கு 2.4 வந்திருக்கும், 1931-ல் 88,038 பேருக்கு கிட்டத்தட்ட 2. இரண்டு காரணம் ஒன்றாக இழுத்தன. தீவிலிருந்து பாஸ்டன் பக்கம் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கியூபெக் வளர்ந்ததால் ஈவும் ஏறிக்கொண்டே போனது. 1891-ன் எண்ணிக்கையைத் தீவு மறுபடி தாண்டியது 1971-ல்தான், 1,11,641 பேருடன். எண்பது ஆண்டு.

சட்டப்புள்ளி:

கணக்குப்பிள்ளை அண்ணன் விட்ட இடத்திலிருந்து. 4 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1864-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபரில் கியூபெக் மாநாட்டில் தீவுக்குக் கொடுத்தது 5 இடம். 1861 கணக்கில் 80,857 பேர், அதற்கு 5 நியாயம் என்றார்கள் மற்றவர்கள். தீவின் பிரதிநிதிகள் 6 கேட்டார்கள். காரணம் கௌரவம் மட்டுமில்லை. தீவில் கிங்ஸ், குவீன்ஸ், பிரின்ஸ் என்று மூன்று கவுண்டி (மாவட்டம் மாதிரி). 6 என்றால் கவுண்டிக்கு இரண்டு. 5-ஐ மூன்றாகப் பிரித்தால் எந்தக் கவுண்டியும் ஒத்துக்கொள்ளாது. கேட்டது கிடைக்கவில்லை. 1867-ல் கூட்டமைப்பு உருவானபோது தீவு வெளியே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். சார்லட்டவுனில் முதல் மாநாடு நடந்தும் தீவு ஆறு ஆண்டு தள்ளிப்போய்த்தான் சேர்ந்தது.

1873 ஜூலை 1 அன்று சேர்ந்தபோது 6 கிடைத்தது. ஆனால் இணைப்பு நிபந்தனையின் வாசகத்தை முழுதாகப் படிக்க வேண்டும். 1861-க்குப் பிறகு மக்கள்தொகை பதினைந்தாயிரம் அல்லது அதற்கு மேல் கூடியதால் 6 உறுப்பினர் என்கிறது முதல் பாதி. அதே வாக்கியத்தின் அடுத்த பாதி, அந்த எண்ணிக்கை 1867 சட்டத்தின்படி அவ்வப்போது சரிசெய்யப்படும் என்கிறது. தீவை விழுத்தாட்டியது அந்த இரண்டாம் பாதி.

1903-ல் ஐந்தும் நான்காகக் குறையப்போகிறது என்றானபோது தீவு வழக்குக்குப் போனது. ஆறு எங்களுக்கு உத்தரவாதம், அதற்குக் கீழே போகக்கூடாது என்பது தீவின் வாதம். நியூ பிரன்சுவிக் கிளப்பிய கேள்வி வேறு: இருபதில் ஒரு பங்கு விதியில் "கனடாவின் மொத்த மக்கள்தொகை" என்பது 1867-ல் சேர்ந்த நான்கு மாகாணத்தை மட்டும்தானே குறிக்கும்? புதிதாக வந்த மேற்கு மாகாணங்களை எதற்குக் கூட்டுகிறீர்கள்? சாமர்த்தியமான வாதம், மேற்கைக் கழித்துவிட்டால் கிழக்கின் பங்கு அவ்வளவு சரியாது. கனடா உச்ச நீதிமன்றமும் பிறகு அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் இரண்டையும் தள்ளின. கனடா என்றால் முழு கனடா. தீவும் மற்ற மாகாணங்களைப்போல மறுவரையறைக்குக் கட்டுப்பட்டதே.

நீதிமன்றக் கதவு மூடியபின் மிச்சம் இருந்தது அரசியல் சட்டத் திருத்தம்தான். 1915-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 51அ பிரிவைச் சேர்த்தது: ஒரு மாகாணத்தின் காமன்ஸ் உறுப்பினர் எண்ணிக்கை அதன் செனட்டர் எண்ணிக்கைக்குக் குறையக்கூடாது. 1911 கணக்கின்படி நடந்த அடுத்த பொதுத்தேர்தல் 1917. ஆக 3 என்பது காகிதத்தில் வந்ததோடு சரி, ஒரு தேர்தலில்கூட நடைமுறைக்கு வரவில்லை.

தீவின் செனட்டர் எண்ணிக்கை 4. அது 1873 பேரத்தில் வந்ததில்லை, 1867 சட்டத்தின் 147-ஆம் பிரிவிலேயே எழுதிவைக்கப்பட்டது: தீவு எப்போது சேர்ந்தாலும் அதற்கு 4 செனட்டர், நோவா ஸ்கோஷியாவும் நியூ பிரன்சுவிக்கும் காலியிடம் விழ விழ 12-லிருந்து 10-க்கு இறங்க வேண்டும். கடலோர மாகாணங்களுக்கு மொத்தம் 24, அதைப் பங்கு போட்டார்கள், அவ்வளவே. காமன்ஸுக்கான 6-க்காக ஒன்பது ஆண்டு மல்லுக்கட்டினார்கள், அது நிலைக்கவில்லை. அவர்கள் சேர்வதற்கு முன்பே மேலவைக்காக எழுதிவைத்த 4 தான் கீழவையில் காப்பாற்றியது.

1982-க்குப் பிறகு பூட்டு இன்னும் இறுகியது. அரசியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி இந்த விதியை மாற்ற ஒட்டாவாவோடு பத்து மாகாணச் சட்டமன்றங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். தீவு ஒன்று மறுத்தால் போதும்.

கடற்காகம்:

இருவருக்கும் நன்றி. 1882 சிக்கல் தீர்ந்தது. செனட் விதி இல்லாவிட்டால் இன்று எத்தனை வரும்? குவீன்ஸ் இன்னும் புரியவில்லை.

வாக்குப்பெட்டி:

குவீன்ஸ் தரவில் பிழை இல்லை. அது இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952, 1957 தேர்தல்களில் இந்தியாவிலும் இருந்ததே, அதுபோல. ஆனால் இந்தியாவில் ஒரு இடம் ஒதுக்கீட்டுக்கு. குவீன்ஸில் ஒதுக்கீடு கிடையாது, அதிக வாக்கு வாங்கிய முதல் இருவர் ஜெயிப்பார்கள். ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. 10,000 பேர் வந்தால் 20,000 வாக்கு வரை விழும். சிலர் தன் ஆளுக்கு மட்டும் ஒன்றைக் குத்திவிட்டு இரண்டாவதை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அதனால்தான் கூட்டுத்தொகை சரியாக இரண்டு மடங்கு வராமல் கொஞ்சம் குறைகிறது.

கட்சி வாக்கு சதவீதம் போடும்போது இதில்தான் எல்லோரும் வழுக்குவது. குவீன்ஸ் கூட்டுத்தொகையை மற்ற இரண்டு தொகுதியோடு அப்படியே கூட்டினால் மாகாண சதவீதத்தில் குவீன்ஸ் இரட்டை எடை ஏறிவிடும். கட்சிக்கு இரண்டு வேட்பாளர் என்றால் இருவரின் சராசரியை எடுங்கள். ஒரு கட்சி ஒரே ஆளை நிறுத்தியிருந்தால் சராசரி உதவாது, அந்த வரிக்குக் குறிப்பு போட்டுவிடுங்கள். வாக்குப்பதிவு சதவீதத்துக்கு வாக்குகளைக் கூட்டவே வேண்டாம், பயன்பட்ட வாக்குச்சீட்டு எண்ணிக்கையை எடுங்கள்.

தொகுதிப் பெயர்களை இப்படிப் பிரியுங்கள். 1873 முதல் 1891 தேர்தல் வரை மூன்று கவுண்டியும் இரட்டைத் தொகுதி. 1896, 1900-ல் ஐந்து ஒற்றைத் தொகுதி: கிழக்கு பிரின்ஸ், மேற்கு பிரின்ஸ், கிழக்கு குவீன்ஸ், மேற்கு குவீன்ஸ், கிங்ஸ். 1904 முதல் கிங்ஸ் 1, பிரின்ஸ் 1, குவீன்ஸ் 2. இது 1965 தேர்தல் வரை. குவீன்ஸும் ஹாலிஃபாக்ஸும்தான் நாட்டில் கடைசியாக இருந்த இரட்டைத் தொகுதிகள். 1968-ல் கார்டிகன், எக்மாண்ட், ஹில்ஸ்பரோ, மால்பெக் வந்தன. ஹில்ஸ்பரோ 2004 தேர்தலிலிருந்து சார்லட்டவுன்.

ஆகவே ஆங்கஸ் மக்லீனும் ஹீத் மக்வாரியும் ஒரே காலத்தில் ஒரே தொகுதி எம்.பி.யாக இருப்பதைப் பார்த்து ஒருவரை அழித்துவிடாதீர்கள். 1957 முதல் 1968 வரை இருவருமே குவீன்ஸ். பிறகு மக்லீன் மால்பெக், மக்வாரி ஹில்ஸ்பரோ. மெக்கன்சி கிங் பெயர் பிரின்ஸ் தொகுதியில் வருவதும் பிழை இல்லை; கட்சித் தலைவரானதும் 1919 இடைத்தேர்தலில் அங்கிருந்துதான் சபைக்குள் போனார், 1921-ல் ஒன்டாரியோவுக்கு மாறினார். 1961-ல் கிங்ஸ் இடைத்தேர்தலில் வென்ற மார்கரெட் மேரி மக்டொனால்ட்தான் தீவின் முதல் பெண் எம்.பி.

இன்னொன்று. மாகாணச் சட்டமன்றத்திலும் 1996 வரை இரட்டைத் தொகுதி முறை இருந்தது. அங்கே கவுன்சிலர், அசெம்ப்ளிமேன் என்று இரண்டு தனித்தனிப் போட்டி. அந்தத் தரவைத் தேசியத் தரவோடு கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

கணக்குப்பிள்ளை:

இன்றைய கணக்கைக் கேட்டீர்கள். இப்போது கியூபெக் ஈவுக்குப் பதில் தேசிய ஈவு, 2021 சுற்றில் அது 1,21,891. தீவின் மதிப்பீடு 1,64,318. விடை 1.35, இப்போதைய விதியில் மீதி எவ்வளவு இருந்தாலும் மேலே ஏற்ற வேண்டும் என்பதால் 2. செனட் விதி இன்னும் 2 சேர்த்து 4 ஆக்குகிறது.

இங்கே ஒரு பொறி. இடம் ஒதுக்குவது ஜூலை 1 மக்கள்தொகை மதிப்பீட்டை வைத்து. மாகாணத்துக்குள் எல்லை போடுவது கணக்கெடுப்பு எண்ணிக்கையை வைத்து, அது 1,54,331. நான்கால் வகுத்தால் தொகுதிக்கு 38,583. ஒன்டாரியோவில் அதே கணக்கு சுமார் 1,16,600. அதாவது அங்கே ஒரு எம்.பி. இருக்கும் இடத்தில் தீவில் மூன்று பேர்.

எல்லை ஆணையத்தில் மூவர். தலைவரை மாகாணத் தலைமை நீதிபதி நியமிப்பார், மற்ற இருவரைச் சபாநாயகர். தொகுதி ஈவிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. அசாதாரணச் சூழல் என்றால் மட்டும் விலக்கு. தீவில் அது 28,937 முதல் 48,229 வரை. கிங்ஸ் கவுண்டியில் 2016-ல் சுமார் 17,000 பேர்தான், தனித்தொகுதியாக நிற்கவே முடியாது. அதனால்தான் கார்டிகன் குவீன்ஸின் கிழக்குப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு கிடக்கிறது. 1864-ல் கவுண்டிக்கு இரண்டு என்று சண்டை போட்ட ஊரில் இன்று கவுண்டி எல்லைக்கும் தொகுதி எல்லைக்கும் பொருத்தமே கிடையாது. உங்கள் அட்டவணையில் 1968-க்குப் பிறகு "கவுண்டி" பத்தியை எடுத்துவிடுங்கள்.