பீரங்கி பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன், இது ஒரிஜினலா?

வண்ணாரப்பேட்டைவாசி:
போன ஞாயிறு எங்கள் பக்கத்துக் காயலான் கடையில், பழைய பித்தளைக் குழாய்களோடு கிடந்த பட்டாளத்துத் தொப்பி பேட்ஜ் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கினேன். மேலே கிரீடம், நடுவில் பீரங்கி, 'உபீக்' என்று ஒரு பட்டை, கீழே லத்தீனில் இன்னொரு வரி. அம்மா குத்துவிளக்குக்காக ஊறவைத்த புளியை எடுத்து ஒரு பக்கம் தேய்த்தும்விட்டேன், திட்டாதீர்கள். ஒரிஜினல்தானா, எந்தக் காலத்தது?

பழசுப்பெட்டி:
புளியா! சரி, போனது போகட்டும், மறுபக்கத்தைத் தொடாதீர்கள். கறுத்த நிறம் போனால் வாங்குகிறவன் பாதி விலைக்குத்தான் கேட்பான்.

இது பிரிட்டிஷ் பீரங்கிப் படையான ராயல் ஆர்ட்டிலரியுடையது. உபீக் என்றால் 'எங்கும்'. மற்ற ரெஜிமெண்டுகள் ஜெயித்த போர்க்களங்களின் பெயர்களை வரிசையாகப் போட்டுக்கொள்ளும், இவர்கள் எல்லாச் சண்டையிலும் இருந்தவர்கள் என்பதால் அந்த ஒரு சொல்லே போதும் என்று விட்டுவிட்டார்கள். காலத்தைக் கிரீடத்தில் பாருங்கள். பழைய பேட்ஜில் உச்சி உருண்டு மேடாக இருந்தால் ராஜா கிரீடம், 1901 முதல் 1952 வரை. உச்சி நடுவில் குழிந்திருந்தால் எலிசபெத் ராணி காலம்.

காசிமேட்டுக்காரன்:
தலைவா, திருப்பிப் பாருங்க. அச்சில் அடித்ததென்றால் முன்னால் மேடாக இருக்கிற இடம் பின்னால் பள்ளமாக இருக்கும். வார்ப்பு நகல் பின்பக்கம் தட்டையாக, குட்டிக் குட்டிக் குழிகளோடு இருக்கும். ஆனால் பள்ளம் இருக்கிறது என்று உடனே குதிக்காதீங்க, பழைய அச்சிலேயே பிற்பாடு அடித்துத் தள்ளியதும் சந்தையில் உண்டு, அதில் எழுத்து மழுங்கியிருக்கும். அப்புறம் பீரங்கிச் சக்கரம் தனியாக இருக்கிறதா? சில பேட்ஜில் அது நிஜமாகவே சுற்றும்.

வண்ணாரப்பேட்டைவாசி:
கிரீடம் உருண்டைதான். பின்னால் பள்ளம் இருக்கிறது, எழுத்தும் கூர்மை. சக்கரம் அசையவே இல்லை, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சந்தில் இருந்த புளியை எடுத்தேன், இப்போது சுற்றுகிறது!

பழசுப்பெட்டி:
அட! நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்து வையுங்கள், புளிப்பு தங்கினால் பித்தளையை அரிக்கும். எந்தத் தெருக் கடை அது?

வண்ணாரப்பேட்டைவாசி:
அதை மட்டும் கேட்காதீங்க. நாளைக்குக் காலையில் மறுபடி போகிறேன்.