தோள் நோகிறது, பிளாங்க் செய்ய முடியவில்லை: வயிற்றுத் தசைக்கு வேறு என்ன செய்யலாம்?

மரீன் டிரைவ் நடை எழுதியது:

வயது 46, வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். கந்தோரில் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து நாரி நோ வந்தது. வயிற்றுத் தசையைப் பலப்படுத்துங்கள் என்று டொக்டர் சொன்னதால் பிளாங்க் (குப்புறப் படுத்து முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது) செய்யத் தொடங்கினேன். நாரிக்கு நல்ல சுகம். ஆனால் இப்போது வலது தோள் பிடித்துக்கொண்டது. 100ஆம் இலக்க பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் தோளின் வெளிப்பக்கம் சுள்ளென்று குத்துகிறது. கையைத் தொங்கவிட்டால் ஒன்றும் இல்லை. பிளாங்க்கிலும் அதே குத்து, பக்கவாட்டில் ஒரு முழங்கையை ஊன்றும் சைட் பிளாங்க்கில் வலப்பக்கம் ஊன்றினால் இன்னும் மோசம்.

பயிற்சியை விட்டால் நாரி நோ திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தோளை நோகடிக்காமல் என்ன செய்யலாம்? வீட்டில் ஒரு பாயும் கதிரையும்தான் உண்டு. ஜிம்முக்குப் போக நேரமில்லை. சலரோகத்துக்குக் குளிசை எடுக்கிறேன், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

கொட்டாஞ்சேனைத் தம்பி எழுதியது:

அக்கா, பிளாங்க்கை முழுதாக விட வேண்டாம், சாய்வை மட்டும் மாற்றுங்கள். தரையில் முழங்கை ஊன்றும்போது மேலுடம்பின் பாரம் தோளில் இறங்குகிறது. சுவரில் முன்கைகளை வைத்து, கால்களை ஓரடி பின்னால் தள்ளி நின்றால் பாரத்தில் பெரும்பகுதி காலுக்குப் போய்விடும். வயிறு அப்போதும் வேலை செய்யும், கொஞ்சம் குறைவாக. சுவரில் அரை நிமிடம் நோகாமல் நிற்க முடிந்தால் அடுத்தது சமையலறை மேடை, அதற்குப் பிறகு அசையாத மேசை. தரைக்குப் போக அவசரமே இல்லை.

பம்பலப்பிட்டி அம்மா எழுதியது:

பிள்ளை, ஒரு பயிற்சியும் வேண்டாம். எண்ணெய் பூசி, கையைத் துணியால் கழுத்தோடு கட்டி ஒரு கிழமை அசையாமல் வையுங்கோ. எங்கட வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.

இயன்மருத்துவம் எழுதியது:

அம்மா, எண்ணெய் பூசுவதில் தவறில்லை, இதமாக இருக்கும். ஆனால் விழுந்து அடிபடாத தோளைக் கட்டி வைக்க வேண்டாம். சலரோகம் உள்ளவர்களுக்குத் தோள்மூட்டின் உறை தடித்து இறுகிப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. 40 முதல் 60 வயதுக்குள்தான் இது பெரும்பாலும் வரும். அசைக்காமல் வைத்தால் இறுக்கம் இன்னும் கூடலாம். அக்கா, உங்கள் கேள்விக்கும் இதுவே பதில்: ஆம், தொடர்பு இருக்கலாம். அதனால் பயிற்சி சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி முன் நின்று இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்குங்கள். முழங்கை விலாவை விட்டு விலகாமல் முன்கைகளை வெளிப்பக்கமாகத் திறங்கள். வலது கை இடது கை அளவுக்குத் திறக்கிறதா? அப்புறம், கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் குத்து தொடங்குகிறது, எந்த இடத்தில் விடுகிறது? இரவில் நோ எழுப்புகிறதா, தலை இழுக்கும்போது (சீவும்போது) கை சோர்ந்து விழுகிறதா என்பதையும் எழுதுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோள் நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் சேர்ந்து வந்தால் பயிற்சி பற்றி யோசிக்கவே வேண்டாம், உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சலரோகக்காரருக்கு நெஞ்சு நோ தெளிவாகத் தெரியாமலும் போகலாம்.

மரீன் டிரைவ் நடை எழுதியது:

நன்றி. செய்து பார்த்தேன். வெளியே திறக்கும்போது இரண்டு கையும் ஒரே அளவு, நோவும் இல்லை. பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் குத்துகிறது, தோளுக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, அதைத் தாண்டி மேலே போனால் விட்டுவிடுகிறது. வலப்பக்கம் சரிந்து படுத்தால் இரவில் முழிப்பு வரும், மற்றப்படி இல்லை. தலை இழுக்க முடியும்.

இயன்மருத்துவம் எழுதியது:

நல்ல செய்தி. மூட்டு இறுகியிருந்தால் வெளித்திருப்பம்தான் (முன்கையை வெளியே திறப்பது) முதலில் குறையும், உங்களுக்கு அது குறையவில்லை. 60 பாகைக்கும் 120க்கும் இடையில் மட்டும் குத்துவது பெரும்பாலும் தோளைச் சுற்றியுள்ள தசைநாண்கள் எரிச்சல்பட்டதன் அடையாளம். நேரில் தொட்டுப் பார்க்காமல் இதை முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த இடைவெளியில் பாரம் கொடுக்காமல் பயிற்சியைத் தொடரலாம்.

உங்கள் நாரிக்கு நான் முதலில் தருவது, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆய்வு செய்த ஸ்டூவர்ட் மெக்கில் பரப்பிய கர்ல் அப். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்குங்கள், மற்றக் கால் நீட்டியபடி இருக்கட்டும். நாரியின் பள்ளத்துக்குள் உள்ளங்கைகளை வைப்பதுதான் வழமை. வலது கையை அப்படிக் கொண்டுபோக நோகும் என்றால் துவாயைச் சுருட்டி அங்கே வைத்துவிட்டுக் கைகளைப் பக்கத்தில் விடுங்கள். தலையையும் தோள்பட்டையையும் பாயிலிருந்து ஒரு விரலளவு மட்டும் தூக்கி, 8 முதல் 10 செக்கன் பிடித்து இறக்குங்கள். நாடி நெஞ்சில் முட்டக்கூடாது, துவாய் நசுங்கவும் கூடாது. பார்க்க ஒன்றுமே செய்யாதது போல இருக்கும். சரியாகச் செய்தால் வயிறு நடுங்கும்.

அடுத்தது டெட் பக், இதுவும் மல்லாந்து படுத்துத்தான். அதில் கைகளைக் கூரை நோக்கி நீட்டச் சொல்வார்கள், நீங்கள் நீட்ட வேண்டாம், பாயிலேயே கிடக்கட்டும். முழங்கால்களை இடுப்புக்கு மேலே 90 பாகையில் வைத்து, மூச்சை விட்டபடி ஒரு குதிக்காலை மட்டும் இறக்கித் தரையைத் தொட்டுத் திரும்புங்கள். நாரி பாயை விட்டு எழும்பினால் கால் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்தும் இடுப்புத் தூக்கலையும் (பிரிட்ஜ்) சேர்க்கலாம், அதில் தோளுக்கு வேலையில்லை.

சைட் பிளாங்க்கை இடது முழங்கையில், முழங்கால்களை மடக்கிச் செய்யலாம். வலப்பக்கத் தசைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். சந்தையிலிருந்து வரும்போது 5 கிலோ அரிசிப் பையை இடது கையில் மட்டும் தூக்கி, ஒரு பக்கமும் சரியாமல் நேராக நடங்கள். உங்களை நிமிர்த்தி வைப்பது வலப்பக்க விலாத் தசைதான். வலது தோளைத் தொடாமலே அதற்குப் பயிற்சி கிடைத்துவிடும்.

தம்பி சொன்ன சுவர்ப் பிளாங்க் நல்லது. ஒரு திருத்தம் மட்டும்: முழங்கைகளைத் தோளுக்கு ஒரு சாண் கீழே ஊன்றுங்கள், சுவரை மெல்லத் தள்ளுங்கள். நெஞ்சு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தொய்ந்து விழுந்தால்தான் தோள் நெரிபடும்.

10க்கு 3 வரையான நோ பரவாயில்லை, அடுத்த நாள் காலையில் அது தணிந்திருக்க வேண்டும். தணியாவிட்டால் அளவைக் குறையுங்கள். சில கிழமையில் மாற்றமே இல்லை, வெளித்திருப்பம் குறைகிறது, கை சோர்கிறது அல்லது விரல் விறைக்கிறது என்றால் டொக்டரிடம் காட்டி இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

தெஹிவளை எழுதியது:

எலாஸ்டிக் பட்டியை யன்னல் கம்பியில் கட்டி, பக்கவாட்டாக நின்று இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்து நிற்பது எனக்கு உதவியது. பட்டி இழுக்கும் பக்கம் உடம்பு திரும்பாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அக்காவுக்குச் சரிவருமா?

இயன்மருத்துவம் எழுதியது:

சரிவரும். முதலில் கைகளை நீட்டாமல் நெஞ்சோடு வைத்துச் செய்யட்டும், நோகாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம். கம்பி உறுதியானதா என்று முதலில் பாருங்கள், கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும்.

மரீன் டிரைவ் நடை எழுதியது:

இன்று காலை கர்ல் அப்பும் டெட் பக்கும் செய்தேன். தோளில் குத்து இல்லை, வயிறு நடுங்கியது உண்மை. தரை குளிர்கிறது, கட்டிலிலேயே செய்யலாமா? இரவில் எப்படிப் படுப்பது?

இயன்மருத்துவம் எழுதியது:

கட்டில் வேண்டாம், மெத்தை அமுங்கும், நாரி எழும்புவது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். பாய்க்குக் கீழே ஒரு போர்வையை மடித்துப் போடுங்கள். இரவில் இடப்பக்கம் சரிந்து படுத்து, நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணையை வைத்து வலது கையை அதன் மேல் போடுங்கள். மல்லாந்து படுத்தால் வலது முழங்கைக்குக் கீழே துவாயை மடித்து வையுங்கள்.