பெட்ரோல் ஜெனரேட்டரை எல்பிஜிக்கு மாற்றினேன், லோடு ஏற்றினால் திணறுகிறது

வணக்கம். சிங்கப்பூரில் ஜாலான் காயு பக்கம் தரை வீடு. அம்மா ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் இருக்கிறார். கரண்ட் போனால் ஒவ்வொரு நிமிடமும் பதறுகிறது. வீட்டில் பெட்ரோல் சேர்த்துவைக்க மனமில்லை. அதனால்தான் எல்பிஜி.

10 கேவிஏ ஜெனரேட்டர், ஹோண்டா ஜிஎக்ஸ்630 இன்ஜின். மூன்று வாரம் முன்பு மாற்று கிட் பொருத்தினேன். கேஸ் 12.7 கிலோ சிலிண்டர் ஒன்றிலிருந்து வருகிறது. ஓட்டிப் பார்ப்பதெல்லாம் வெளியே, திறந்தவெளியில்தான்.

லோடு இல்லாமல் அருமையாக ஓடுகிறது. 3 கிலோவாட் கொடுத்தால் முதலில் தாங்குகிறது. அரை மணியில் 50 ஹெர்ட்ஸ் 46க்கு இறங்கி, இன்ஜின் மூச்சு வாங்குகிறது. அப்போது சிலிண்டரைத் தொட்டால் விரல் விறைக்கிறது. கீழ்ப்பாதியில் வெண்பனி படிந்து, தரையில் தண்ணீர் சொட்டி நிற்கிறது.

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் புதிது. ரெகுலேட்டர், ஹோஸ் மாற்றியாயிற்று. கேஸ் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் லோடு ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டேன். புதுச் சிலிண்டரிலும் இதே கதை. பெட்ரோலுக்குத் திருப்பினால் 5 கிலோவாட்டையும் அசராமல் இழுக்கிறது, ஆகவே இன்ஜின் மேல் சந்தேகமில்லை. கிட் விற்றவர் போனை எடுப்பதில்லை.

இதே அளவு ஜெனரேட்டரை எல்பிஜியில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: இரண்டு சிலிண்டரை மேனிஃபோல்டில் (இரண்டின் கேஸையும் ஒரே குழாயில் சேர்க்கும் இணைப்பு) இணைத்தால் இந்தக் குளிர்ச்சி தீருமா?