மறு: டோப்பிங் – மாசூட்டலா, தோய்வூட்டலா?

அன்பு நண்பர்களே,

டோப்பிங் என்பது ஒரு பொருளில் வேறொன்றைச் சேர்த்து அதன் மின்கடத்தலை மாற்றுவது. மின்சாரம் கடத்தும் பலபடிகளை (பாலிமர்களை) பற்றி எழுதும்போதும் அதற்கு ‘மாசூட்டல்’ என்றே வைத்துக்கொள்ளலாம், பாடநூலில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே என்று நம் குழுவில் ஐயா எழுதியிருந்தார். சிலிக்கானைப் பொறுத்தவரை அந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்து லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு நடுவே ஒரு பாஸ்பரஸ் அணு போய் உட்கார்ந்தாலே கடத்துதிறன் மாறிவிடும். அது மாசுதான். பலபடியில் நடப்பது வேறு.

நேற்று இங்கே ஊட்டியில், கண்ணாடித் துண்டில் படிய வைத்த பாலியனிலீன் என்ற பலபடியின் படலத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கினேன். கருநீலம் ஓரத்திலிருந்து பச்சையாகிக்கொண்டே வந்தது. முக்குவதற்கு முன் மின்தடை அளவு எல்லைக்கு வெளியே என்று காட்டிய மல்டிமீட்டர், எடுத்து உலர்த்தி முனைகளை வைத்ததும் எண் காட்டியது. அப்புறம் அம்மோனியா நீரில் முக்கினேன். மறுபடி நீலம், மறுபடி கடத்தாப் பொருள். பச்சை நிலையில் பலபடிச் சங்கிலியிலுள்ள நைட்ரஜன்களில் பாதி வரை புரோட்டானை ஏற்றிருக்கும். சரிபாதி சேர்ந்திருப்பதை, அதுவும் நினைத்தபோது கழற்ற முடிவதை, மாசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, ‘ஆக்சிஜனேற்றம்’ என்றே சொல்லிவிடலாமே என்று இன்னொரு நண்பர் கேட்டார். 1977இல் ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகிய அறிவியலாளர்கள் மூவரும் பாலிஅசிட்டிலீன் என்ற இன்னொரு பலபடியின் படலத்துக்கு அயோடின் ஆவி காட்டியபோது நடந்தது அதுதான். அயோடின் சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கியது, கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. அந்தப் பணிக்குத்தான் 2000இல் நோபல் பரிசு. ஆனால் என் பாலியனிலீனில் அமிலம் எந்த எலக்ட்ரானையும் எடுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. இரண்டுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குத் தேயிலை ஒரு காரணம். குன்னூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் நறுக்கிய இலை பச்சை மாறித் தாமிர நிறத்துக்கு வரும் கட்டத்தை ‘ஃபெர்மென்டேஷன்’ என்றே சொல்கிறார்கள். அங்கே ஈஸ்ட் வேலை செய்வதில்லை. இலையின் சொந்த நொதிகள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு இலையிலுள்ள பாலிஃபீனால் என்ற சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளே அதை மாவு புளிப்பது போல என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். தவறாக ஒட்டிய பெயரை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் உட்கார்ந்து உரிக்க வேண்டியிருக்கிறது.

நான் முதலில் நினைத்தது ‘தோய்த்தல்’. பால் தயிராகத் தோய்கிறது, துணி சாயத்தில் தோய்கிறது. உள்ளே ஊறி, பொருளின் குணத்தையே மாற்றுவது. டோப் என்ற ஆங்கிலச் சொல்லும் முக்குதல் என்று பொருள்படும் டச்சு வேரிலிருந்து வந்ததுதான். ஒலியும் பக்கத்தில் இருப்பது கூடுதல் வசதி. ஆனால் திருநெல்வேலி அக்கா உடனே மறித்தார்: “எங்க வீட்டுல தோய்க்கிறதுன்னா துணி துவைக்கிறதுதான் தம்பி. அழுக்கை எடுக்கிறதுக்குப் போய் இந்தப் பேரா?” நியாயமான தடை. அதனால்தான் ‘தோய்வூட்டல்’ என்று திருத்துகிறேன். ‘ஊட்டல்’ சேர்ந்ததும் துவைக்கும் கல் மறைந்துவிடுகிறது. மாசூட்டலோடு உறவும் தெரிகிறது.

சொல் கிளைக்கவும் செய்கிறது. சேர்க்கும் பொருள் தோய்வூட்டி, கழற்றுவது தோய்வுநீக்கம், எவ்வளவு ஏறியது என்பது தோய்வளவு. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “அமிலத் தோய்வூட்டலுக்குப் பின் படலம் பச்சையானது, அம்மோனியா தோய்வுநீக்கம் செய்தது.” வாய்விட்டு நாலைந்து முறை படித்தேன், தடுக்கவில்லை.

மாணவி ஒருவரின் தமிழ்க் கட்டுரை திங்களன்று அச்சுக்குப் போகிறது. அதில் இந்தச் சொல்லை வைக்கச் சொல்லியிருக்கிறேன். மறுப்பு இருந்தால், குறிப்பாக அக்காவுக்கு இன்னும் துணி நினைவு வந்தால், ஞாயிறு மாலைக்குள் எழுதுங்கள்.