முகாம்ல இருக்குற அம்மாக்கள் என்ன சாப்பிடுறாங்க? நேர்ல பாத்தவங்க எழுதுங்க

கணக்குப்புள்ள:
அகதி முகாம்கள்ல பொம்பளைங்க தானியம், பருப்பு, கீரை, மீன், முட்டைன்னு 10 வகை உணவுல எத்தனை சாப்பிடுறாங்கன்னு பாக்குற சர்வே எடுத்தவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க, அதனால நீட்டி முழக்கல. 15ல இருந்து 49 வயசு வரைக்கும் பொம்பளைங்க, நேத்து காலைல எழுந்ததுல இருந்து இன்னிக்கு காலைல எழுந்த வரைக்கும் வாயில போட்டதெல்லாம் கேக்கணும், 10ல 5 வகை வந்தா பாஸ், அவ்ளோதான்.

நான் போன கூடாரத்துல கைக்குழந்தையோட ஒரு அம்மா. கேள்வி ஆரம்பிச்சதுல இருந்து அவங்க என் மூஞ்சியவே பாக்கல, டேப்லெட்ல என் விரல் எங்க போகுதுன்னு மட்டும் பாத்துட்டு இருந்தாங்க. தானியம் சொன்னாங்க, டிக் பண்ணேன். எதோ காய் சொன்னாங்க, டிக் பண்ணேன். அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னே பதில். கீரை? இல்ல. ஆனா ராத்திரி கழுவாத பானை அவங்க முதுகுக்குப் பின்னாடிதான் கிடக்கு, உள்பக்கம் பூரா பச்சையா ஒட்டியிருக்கு! மொழி சொல்ல கூட வந்த பொண்ணுகிட்ட மெதுவா என்னமோ கேட்டாங்க. என்னன்னு விசாரிச்சா, "இதுல நிறைய டிக் விழுந்தா எங்க ரேஷன் கார்டுல குறைப்பாங்களா"ன்னு கேட்டாங்களாம். இல்லக்கா, இது அதுக்கு இல்லன்னேன். "அப்ப எதுக்கு?"ன்னு உடனே கேட்டாங்க பாருங்க, நானும் அந்தப் பொண்ணும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

அவங்க பயத்தையும் தப்பு சொல்ல முடியாது. உகாண்டால 2023ல குடும்பங்கள தேவையப் பாத்து 3 பிரிவா பிரிச்சு கடைசி பிரிவுக்கு ரேஷனையே நிறுத்தினாங்கள்ல. நான் போன கூடாரத்துக்கு சர்வேல 2 வகைன்னு பதிவாச்சு, கீரையோட சேத்து நான் கண்ணால பாத்தது 3. இப்படி எத்தனை 2 ரிப்போர்ட்ல உக்காந்திருக்கோ.

மண்சட்டி:
கீரைய விடுங்க, அது கிடைச்சா உடனே வெந்துரும். நான் பருப்பு பயறு பத்தி சொல்றேன். விநியோகம் நடந்த அன்னிக்கே ஒரு அம்மா ரேஷன்ல வந்த பயறுல பாதிய முகாம் வாசல்ல வித்துட்டு இருந்தாங்க, பக்கத்துல நின்ன ஒரு அதிகாரி "உங்களுக்கு புரதம் வேணும்னுதான குடுக்குறோம், விக்கக் கூடாது"ன்னு சத்தம் போட்டாரு. அந்தம்மா கோவப்படல, நாலு பயற எடுத்து என் கையில வச்சு கடிக்கச் சொன்னாங்க. கல்லு. ரொம்ப நாள் குடோன்ல கிடந்த பயறு அப்படித்தான் ஆகும், எவ்ளோ கொதிச்சாலும் நடுவுல வேகாது. "இத வேக வைக்க விறகு யார் குடுப்பா, நான்தான வெளிய போய் பொறுக்கணும், போன மாசம் விறகுக்குப் போன பொண்ணு எப்படித் திரும்பி வந்தான்னு தெரியுமா"ன்னாங்க. அதிகாரி அதுக்கப்புறம் வாயத் திறக்கல. வித்த காசுல அவங்க வாங்குனது தக்காளி, கொஞ்சம் கீரை, மீதிய தானியம் அரைக்குறதுக்கு மில்லுக்கு குடுத்தாங்க. முழு தானியமா குடுத்தா அரைக்கிற கூலியும் அந்த தானியத்துல இருந்துதான் போகணும், இத யாரு கணக்குல சேக்குறா.

வெள்ளைத்தாள்:
மேல ரெண்டு பேரும் ரேஷன், விறகுன்னே பேசுறீங்க, வீட்டுக்குள்ள நடக்குறத விட்டுட்டீங்க. பால் குடுக்குற அம்மாக்களுக்குன்னு சத்து சேத்த மாவு தனியா குடுப்போம்ல, அத வாங்குன ஒருத்தங்க வீட்டுக்கு ஃபாலோ அப் போனேன். மாவுல கூழ் காச்சி வரிசையா பிள்ளைங்களுக்கு ஊத்துறாங்க, மாமியாருக்கு ஊத்துறாங்க, வீட்டுக்காரருக்கு எடுத்து வச்சாங்க. கடைசில பானைல தண்ணி ஊத்தி கலக்கி அந்தத் தண்ணிய இவங்க குடிச்சாங்க. கணக்குப்படி அந்த மாவு முழுக்க இவங்களோடது, ஏட்டுல இவங்க பேர்லதான் கையெழுத்து இருக்கு! விழிப்புணர்வு இல்லாம எத்தனை வண்டி மாவு அனுப்பினாலும் இப்படித்தான்.

மண்சட்டி:
@வெள்ளைத்தாள் விழிப்புணர்வா? அந்தம்மாவுக்குத் தெரியாமயா கடைசில குடிச்சாங்க? நாலு பிள்ளைங்க பசியோட சுத்தி உக்காந்திருக்கும்போது யாருங்க தனக்குன்னு தனியா காச்சி குடிப்பா. வீட்டு ரேஷன் பத்தலன்னா சத்துமாவும் வீட்டு ரேஷன்தான். குடும்பத்துக்கு பத்துற அளவு குடுத்துப் பாருங்க, அப்புறம் பாடம் எடுக்கலாம்.

பசுமைக்கை:
நான் ஒரு முகாம்ல ஒரு அம்மா கூடார ஓரத்துல கீரை வளத்தத பாத்தேன், இன்னும் கண்ணுலயே நிக்குது. அதனால சொல்றேன், இத எல்லாரும் செய்யலாம். பழைய ரேஷன் சாக்க எடுத்துக்கோங்க, நடுவுல சின்னக் கல்லுங்கள தூண் மாதிரி அடுக்கிட்டே வாங்க, சுத்தி மண்ணும் எருவும். கல்லு வழியா ஊத்துற தண்ணி அடி வரைக்கும் இறங்கும். சாக்கு பக்கவாட்டுல ஓட்டை போட்டு கீரை நாத்து சொருகுங்க, மேல தக்காளியோ மொளகாயோ. கீரை ஒரு மாசத்துலயே பறிக்கலாம், வேரோட பிடுங்காம கிள்ளுனா திரும்பத் திரும்ப வரும். பாத்திரம் அலசுற தண்ணிய ஊத்தலாம், சோப்பு அதிகமா இருக்குற தண்ணி வேணாம். வெயில் கடுமையா இருந்தா மேல ஒரு துணி கட்டுங்க. முருங்கைக் குச்சி ஒண்ணு நட்டா போதும், அது பாட்டுக்கு வளரும். அப்புறம் @மண்சட்டி சொன்ன கல்லுப் பயறுக்கு, ராத்திரியே ஊற வச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு புதுத் தண்ணில மூடி போட்டு வேக வச்சா விறகு நல்லா மிச்சமாகும். சாப்பிட்ட உடனே டீ குடிக்க வேணாம்னு சொல்லுங்க, இரும்புச்சத்து ஒட்டாது, கூட கொஞ்சம் தக்காளியோ எலுமிச்சையோ சேத்துக்கிட்டா நல்லது. ரெண்டு கோழி இருந்தா முட்டைப் பிரச்சனையும் தீந்துரும். மனசிருந்தா மார்க்கமுண்டு.

கணக்குப்புள்ள:
@பசுமைக்கை சகோ, ஊற வைக்கிறது சரி, ஒத்துக்குறேன். மீதிக்கு தண்ணி எங்க? ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர்னு ஐ.நா. அகதிகள் முகமை ஒரு அளவு வச்சிருக்கு, பல இடத்துல அதுவே வர்றதில்ல. குடிக்க, சமைக்க, குளிக்க, பிள்ளைத் துணி துவைக்க எல்லாம் அதுக்குள்ளதான். கோழி வளக்க எத்தனையோ முகாம்ல இடமும் இல்ல, அனுமதியும் இல்ல. வங்கதேசத்துல ரோஹிங்யா அகதிகள் இருக்குற காக்ஸ் பஜார்ல போய் பாருங்க, கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவுல ஒரு சாக்கு வைக்கக்கூட சண்டை போடணும். அங்க 2023ல ஆளுக்கு மாசம் 12 டாலரா இருந்த உணவு உதவிய மார்ச்ல 10, ஜூன்ல 8ன்னு குறைச்சாங்க, வெளிய போய் முறையா வேலை பாக்கவும் சட்டம் விடாது. அந்த 8 டாலர் காலத்துல முதல்ல வெட்டு விழுந்தது முட்டைக்கும் மீனுக்கும்தான், அரிசிய யாரும் குறைக்கல.

அட்டைப்பெட்டி:
மீன்னதும் ஞாபகம் வந்துச்சு. ஒரு அம்மா ரொம்ப சந்தோசமா "நேத்து மீன் சாப்பிட்டோம்"னாங்க. எவ்ளோன்னு கேட்டா சுண்டு விரல் நுனியக் காட்டுறாங்க, கருவாட்டுத் துண்டு ஒண்ண குழம்புல மொத்தக் குடும்பத்துக்கும் போட்டிருக்காங்க. சர்வே விதிப்படி 15 கிராமுக்குக் கீழ இருந்தா கணக்குல வராது. நான் மீனுக்கு நேரா இல்லைய அழுத்தும்போது "சாப்பிட்டேன்மா, நெசமா சாப்பிட்டேன்"னு ரெண்டு தடவ சொன்னாங்க. எண்ணெயும் சக்கரையும்கூட அந்த 10ல கிடையாது. ரேஷன் பை பாக்க பெருசா இருக்கும், தானியம், பருப்பு, எண்ணெய், உப்பு. எண்ணிப் பாத்தா ரெண்டே வகை. அதுலயும் ஒண்ணு நின்னா என்ன ஆகும்னு மலாவில பாத்தாச்சு, மொசாம்பிக் அகதிகளுக்கு நிலக்கடலை வர்றது தடைப்பட்டு 1990ல 18,000 பேருக்கு மேல பெலாக்ரா, அதாவது நியாசின்ங்குற வைட்டமின் குறைஞ்சா வர்ற நோய், வந்துச்சு. கடலை ஒண்ணு இல்லாததுக்கு!

ஊர்விட்டவ:
எல்லாத்தையும் படிச்சேன். நீங்கல்லாம் கேள்வி கேட்ட பக்கம், நான் பதில் சொன்ன பக்கம். எந்த முகாம்னு கேக்காதீங்க.

எங்களுக்கு மூட்டை நிறுத்தி கார்டு குடுத்தாங்க, மாசாமாசம் காசு ஏறும், விருப்பப்பட்டத வாங்கிக்கலாம்னாங்க, நல்ல விசயம்தான். ஆனா ஒரு மாசம் காசு ஏற லேட்டாச்சு, நான் அப்ப ரெண்டாவது பிள்ளைய சுமந்துட்டு இருக்கேன், கடைக்காரர்கிட்ட கடன் சொன்னேன். கடன் வேணும்னா கார்ட வச்சிட்டுப் போன்னாரு. அவர் மேசைக்கு அடியில ஒரு பிஸ்கட் டப்பா, அதுக்குள்ள ரப்பர் பேண்ட் போட்டு எங்க வரிசைப் பொம்பளைங்க கார்டு எல்லாம் கட்டுக்கட்டா இருக்கு. ரகசிய எண்ணும் அவர்கிட்டதான். அதுக்கப்புறம் காசு ஏறுறது எனக்குத் தெரியவே தெரியாது, அவரே கழிச்சிக்குவாரு, அவர் குடுக்குறதுதான் சாமான். முட்டை அட்டை கண்ணு முன்னாடி இருக்கும். கை காட்டுவேன். "கடன் கணக்குல அது கிடையாது"ன்னு மாவு அளந்து போடுவாரு. காசுக்கு வர்றவங்களுக்குத்தான் முட்டை. அப்ப எங்கிட்ட யாராச்சும் சர்வே எடுத்திருந்தா என்ன எழுதிருப்பீங்க, முட்டை சாப்பிடும் பழக்கம் இல்லன்னா?

@வெள்ளைத்தாள் எங்களுக்கு கூட்டம் போட்டு படம் காட்டி முட்டை நல்லதுன்னு சொன்னாங்க. நல்லதுன்னு தெரியும்ங்க.

வெள்ளைத்தாள்:
சரிங்க, உங்க நிலைமை வேற. எல்லா வீட்டுலயும் அப்படி இல்ல, கார்டு வீட்டுக்காரர் பையில இருக்குற வீடும் நான் பாத்திருக்கேன், அங்க பேசித்தான் ஆகணும், ஆம்பளைங்களையும் உக்கார வச்சு.

ஊர்விட்டவ:
அத நான் மறுக்கல. என் வீட்டுலயும் கடைக்கு கார்ட குடுக்க அவர்தான் சரின்னாரு.

பசுமைக்கை:
அக்கா கார்ட எப்படி மீட்டீங்க? புகார் குடுத்தீங்களா? நிறைய முகாம்ல புகார் பெட்டி இருக்குமே, சில இடத்துல இலவச போன் நம்பர்கூட இருக்கும், பேர் சொல்லாமயே சொல்லலாம்.

ஊர்விட்டவ:
தம்பி, அந்த வரிசைல கடன் குடுக்குறவரு அவர் ஒருத்தர்தான், அவர் கடைய மூடிட்டா நாளைக்கு நான் யார்கிட்ட போறது. புகார்லாம் குடுக்கல. வெளிநாட்டுல இருந்து தங்கச்சி கொஞ்சம் பணம் அனுப்புனா, கடனைக் கட்டி கார்ட வாங்கிட்டேன். பிள்ளை பொறந்தப்புறம் திரும்ப கடன் வந்துச்சு, அதுக்குள்ள இன்னொருத்தரு கடை போட்டிருந்தாரு. அவர்கிட்டயும் கார்டுதான் வச்சேன், ஆனா அவர் கடன்லயும் முட்டை குடுத்தாரு.